அந்த முனையில்

கதவில் செதுக்கியிருந்த கொடி ஓரிடத்தில் மட்டும் நடுங்கியிருந்தது. மேலேயும் கீழேயும் வளைவுகள் சுத்தமாக ஓடின. நடுவில் ஒரு சாண் அளவுக்கு மட்டும், எழுதுகிறவன் கையை யாரோ பிடித்து உலுக்கியது போல இருந்தது. ஜோவிதா அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“மூணு கதவு போச்சுங்க அம்மணி. எல்லாத்துலயும் அதே எடந்தானுங்க,” என்றார் சுந்தரராஜுலு.

பெரியநாயக்கன்பாளையத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தோப்போரமாக இருந்தது அவருடைய தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்கள் இல்லை. கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஜோவிதா, சர்ச்சில் காலைப் பூசை முடித்து, சாப்பிட்ட கையோடு ஸ்கூட்டரில் வந்திருந்தாள்.

கட்டிலைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் மேசை. அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பாலம், செதுக்கும் தலையைச் சுமந்தபடி. மேசைக்கு அடியில் நீளமாக ஒரு ஸ்க்ரூ. அது சுற்றினால் அதிலுள்ள நட்டு நகரும். நட்டோடு பாலமும் நகரும். அந்த நட்டுதான் ஆடுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. மெயின் சுவிட்சை இறக்கி, மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

“ஏனுங்க, நான் அடியில படுத்துக்கறேன். அந்த முனையில நின்னு, சொல்லறப்ப மட்டும் ஸ்க்ரூவக் கையில சுத்தோணுங்க.”

“ஆகட்டுங் கண்ணு.”

ஸ்பேனர் பெட்டியை எடுக்க வெளியே போனாள். மழை இறங்கத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்தபோது கொட்டகை சாயங்காலம் போல இருண்டு கிடந்தது. அடுக்கி வைத்த பலகைகள் அந்த முனையை மறைத்தன.

“நிக்கறீங்களாங்க?”

பதில் இல்லை. ஆனால் ஸ்க்ரூ மெல்ல ஒரு கால் சுற்று சுற்றி நின்றது. கூரையில் விழும் மழையில் குரல் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்து மல்லாந்தாள்.

தேக்குத் தூளின் காரமும் பழைய கிரீஸின் நெடியும் மூக்கில் ஏறின. செல்போன் வெளிச்சத்தை நெஞ்சில் சாய்த்து வைத்தாள். “சுத்துங்க.” நட்டு அவளை நோக்கி வந்தது. “போதுங்க.” நின்றது. நல்ல கை, அவசரமில்லாத கை என்று நினைத்தாள். நட்டின் பின்புறம் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. அதற்கும், அவள் பக்க முனையில் ஸ்க்ரூவைத் தாங்கும் இரும்புக் கட்டைக்கும் இடையே வலது கையின் இரண்டு விரல்களை நுழைத்தாள். இன்னும் ஒரு நூலளவு நெருங்கி வந்தால் எட்டிவிடும்.

சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஒரு நூலளவு நெருங்கி வந்தது.

மழை ஓங்கியது. எங்கிருந்தோ மண்ணுக்கடியில் நெடுநாள் கிடந்த மரத்தின் வாடை வந்தது. இங்கே அப்படியொரு மரம் இல்லை.

“ஏனுங்க... நான் இன்னும் சொல்லலீங்களே?”

நெஞ்சின் மேல் செல்போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்தாள்.

“அம்மணி, நாந்தானுங்க சுந்தரராஜுலு. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க பெட்ரோல் பங்குக்கு வந்தேன், மழ புடிச்சுக்கிச்சுங்க. நீங்க வெளிய போனப்பவே பின்வாசல் வழியா சொல்லாம வந்துபோட்டேன். நான் வாரவரைக்கும் கை வெக்காம உக்காந்திருங்க.”

விரல்களை இழுத்தாள். வரவில்லை. ஸ்க்ரூ மறுபடி சுற்றியிருந்தது. கணுவில் இரும்பு அழுந்தியது.

செல்போனைக் கீழே போட்டு, ஸ்க்ரூவைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினாள். அசையவில்லை. மறுமுனையில் இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

செல்போனைத் தேடி எடுத்து வெளிச்சத்தை ஸ்க்ரூ நெடுக ஓட்டினாள். பலகைகளுக்கும் மேசைக்கும் நடுவில் கால்கள் இல்லை. யாரும் இல்லை. வெறும் தரை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூவின் முனையில் கெட்டியாக கிரீஸ். அந்த கிரீஸில் விரல்கள் பதிந்தாற்போல ஐந்து குழிகள். அவள் பார்க்கும்போதே அவை இன்னும் ஆழமாகின.

அரைச் சுற்று.

அவள் அலறினாள். குழிகள் விலகின. சற்றுத் தள்ளி மறுபடி பதிந்தன.

“நிறுத்துங்க.”

நின்றது. சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது.

“எதிர்ப்பக்கம்...” அவளுக்கு மூச்சு வாங்கியது. “எதிர்ப்பக்கம் சுத்துங்க. கும்புடறேனுங்க. மாதாவே... எதிர்ப்பக்கமுங்க.”

மழைச் சத்தம். கிரீஸிலிருந்து குழிகள் ஒவ்வொன்றாக எடுபட்டன. முனை வழவழப்பாகி, ஒன்றுமே நடக்காதது போல மினுங்கியது. ஜோவிதா மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

கிரீஸ் மறுபடி அழுந்தியது.

இம்முறை பத்து.