தம்புரா இருந்த இடம்

“ரெண்டு காது இருக்கு, வாய் எங்கடி போச்சு?” என்று ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் கேட்டார். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரத்திலிருந்து செவ்வந்தி பள்ளிக்குப் போகவில்லை. பதினோரு வருடம் கழித்து, பீளமேட்டில் மயில்சாமியின் ஒலிப்பட்டறையில், அந்த இரண்டு காதுகளுக்காகத்தான் அவளுக்கு வேலை கிடைத்தது.

இடமீட்டி வந்தபிறகு ஊரில் பாட்டுக் கேட்கிற விதமே மாறிப்போயிருந்தது. ஆளுயரத்தில் இரண்டு பெட்டிகள், அவ்வளவுதான். பழைய பதிவில் சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலிகளைக் கணக்கிட்டு, ஒவ்வொரு ஓசையும் எங்கே பிறந்ததோ அங்கேயே, அறையின் வெறுங்காற்றில் அதை வைத்துவிடும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் மிருதங்கம் கேட்கும். பாடகர் ‘உட்காரும்’ இடத்தில் யாரும் நாற்காலி போடுவதில்லை. குறுக்கே போகவேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போனார்கள். ஓர் ஆளின் மேலேயா நடந்து போவது?

புதிதாக வரும் ஒவ்வொரு ஜோடிப் பெட்டியையும் கேட்டு, எது எங்கே ஒலிக்கிறது என்று தரையில் சாக்பீஸால் குறி போட்டு, நோட்டில் கேள்குறிப்பு எழுதுவாள் செவ்வந்தி. கடைசியாக அந்தப் பதிவில் பாடியவரே வந்து கேட்டு, ‘நான் பாடியது இப்படித்தான்’ என்று கையெழுத்திட வேண்டும். அப்போதுதான் பெட்டி கடைக்குப் போகும்.

“ஏற்கெனவே ரெண்டு மாதிரிப் பெட்டியக் கழிச்சாச்சு அம்மிணி. இன்னிக்கு அம்மா கையெழுத்து வரலைன்னா பட்டறையப் பூட்டிர வேண்டியதுதான்” என்றார் மயில்சாமி. காலையிலிருந்து அதை நாலாவது தடவையாகச் சொல்கிறார்.

அம்மா என்றது பாடகி ஆனந்தவல்லியை. எழுபது வயதிலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தோரு வருடத்துக்கு முந்தைய பதிவு அது. அதில் மேல் பஞ்சமத்தில், அந்த உச்ச ஸ்வரத்தில், பதினேழு விநாடி அசையாமல் நிற்கும் குரல்தான் அவரை அவராக்கியது.

“தம்புரா மீட்டினது உங்க தங்கச்சிங்களாம்மா?” என்று பேச்சுக்குக் கேட்டார் மயில்சாமி.

“ஆமா, ஞானம். போன வருஷம் போயிட்டா. மேடையில அவ வாயே திறக்கமாட்டா.”

பாட்டு தொடங்கியது. செவ்வந்தி கண்ணை மூடிக் கேட்டு, குனிந்து குறி போட்டாள். குரல் நடுவில், வாயளவு உயரத்தில். வயலின் வலப்பக்கம். தம்புரா இடப்பக்கம், இரண்டு முழம் தள்ளி.

மேல் பஞ்சமம் வந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

குரல் தம்புராவின் குறிக்கு மேலே நின்றது. நடுக்குறியில் யாரோ ஒரு மிடறு தண்ணீர் விழுங்கினார்கள்.

“நிறுத்துங்க” என்றார் ஆனந்தவல்லி. “இடது பெட்டில கோளாறு. குரல ஒரு பக்கமா இழுக்குது. இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது.”

மயில்சாமியின் முகம் வெளிறிப்போனது. “அம்மிணி, உனக்கு என்ன கேட்டுச்சு?”

செவ்வந்தி நோட்டைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் பெட்டி பழுது. பட்டறையில் ஆறு பேருக்கு நாளை வேலை இல்லை. பேசினால் எதிரில் இருப்பவருக்கு நாற்பத்தோரு வருடப் பேர் இல்லை.

“காது நல்லாருக்குன்னாங்களே. வாயத் தொறந்து சொல்லேன்மா” என்றார் ஆனந்தவல்லி.

“வயர மாத்திப் பாக்கலாங்களா?” செவ்வந்தி தரையைப் பார்த்துக் கேட்டாள்.

“மாத்தினா?”

“கோளாறு பெட்டிலன்னா, மாத்தினாலும் குரல் இந்தப் பக்கமேதான் இழுக்குமுங்க. பதிவுலன்னா...” அவள் வலப்பக்கம் கை காட்டினாள். “தம்புராகூடவே அந்தப் பக்கம் போயிருமுங்க.”

ஆனந்தவல்லி ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கலாம். புடவை முந்தானையை விரலில் இறுகச் சுற்றிக்கொண்டாரே தவிர, சொல்லவில்லை.

செவ்வந்தி இடது வயரை வலது பெட்டியிலும் வலதை இடதிலும் செருகினாள். வலப்பக்கம், கதவுக்குப் போகும் வழியில், தம்புராவுக்குப் புதுக்குறி போட்டாள். சாக்பீஸ் ஒடிந்தது.

பாட்டு மறுபடி ஏறியது. நடுவில் தண்ணீர் விழுங்கும் சத்தம். மேல் பஞ்சமம் வலப்பக்கத்துப் புதுக்குறியின்மேல், துளி நடுக்கமில்லாமல், வந்து உட்கார்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினேழு விநாடியும் அங்கேயே இருந்தது.

“பெட்டி சுத்தமுங்கம்மா!” என்று மயில்சாமி துள்ளி எழுந்தார். “ஒரு நூல் பிசகல! நான் சொன்னனல்லங்க...” அந்தப் பதினேழு விநாடி தங்கையுடையது என்று அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. நீட்டிய பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு செவ்வந்தியிடம் தணிந்த குரலில், “அப்ப இதுக்கு யாருதான் அம்மிணி கையெழுத்துப் போடுவாங்க?” என்றார்.

செவ்வந்தி தம்புராவின் புதுக்குறியைப் பார்த்தாள்.

பாட்டு முடிந்து தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனந்தவல்லி எழுந்தார். கதவுக்கு நேராகப் போனால் நாலு எட்டுத்தான். வலப்பக்கக் குறியின் முன்னால் வந்து நின்றார். புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்தார். குறியை மிதிக்காமல் அதைச் சுற்றி நடந்து வெளியே போனார்.