பலா மரத்தடிப் படம்

பின்சுவரை ஒட்டி நின்ற சில்வர் ஓக் மரத்தின் சலசலப்பு எப்போது நின்றது என்று இமானுவேலுக்குத் தெரியவில்லை. தொண்ணூற்றேழில் மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக்கு மாற்றலாகி, இந்த குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்து இரண்டு வருடமாகிறது. காற்றில்லாத நாளில்கூட அந்த மரம் தூரத்து அருவி மாதிரி இரைந்துகொண்டேதான் இருக்கும். இன்று மத்தியானம் மூன்று மணிக்கு, குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, மங்கிய பல்புக்குக் கீழே தட்டின்மேல் குனிந்திருந்தபோது, அந்த இரைச்சல் இல்லை. குழாய் சொட்டும் சத்தம் மட்டும் காதுக்குள் விழுந்தது.

தட்டில் கிடந்ததும் அதே மரத்தின் படம்தான். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பழுப்பாக்க வேண்டுமென்றால் முதலில் ப்ளீச்சில் போட வேண்டும். மரமும் வானமும் வெளிறி, மஞ்சளாய் ஒரு சாயல் மட்டும் காகிதத்தில் மிஞ்சும். பிறகு சல்பைடு தட்டில் போட்டால், அழுகிய முட்டை நாற்றத்தோடு எல்லாம் பழுப்பாகத் திரும்பி வரும்.

"ஏனுங்க, ஊடே நாறுதுங்க." கதவுக்கு வெளியே ரஞ்சிதா. "நான் என்னத்தையோ தீய வெச்சுப்போட்டேன்னு பக்கத்து ஊட்டுப் பாப்பாயி அக்கா எட்டிப் பாத்துட்டுப் போவுது."

"இன்னும் அரை மணி நேரம், ரஞ்சி."

"மரத்தையும் ஆகாசத்தையுமே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க. கட்டுன பொண்டாட்டிய ஒரு போட்டோ எடுக்க மனசு வராது."

"போன வாரம்தான எடுத்தேன்?"

"பலா மரத்த எடுத்தீங்க. அது எவ்வளவு பெருசுன்னு தெரியோணும்னு என்னைய அடியில நிக்க வெச்சீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. வெளிறிய படத்தைத் தூக்கி சல்பைடில் போட்டான். தண்டு வந்தது, கிளை வந்தது. சுவருக்குப் பின்னால் இரைச்சலும் வந்தது, இடையில் நிற்கவே இல்லாதது போல.

காற்றாக இருக்கும்.

படத்தின் உச்சிக் கிளையில் மட்டும் பெருவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை. அவன் தப்புதான். இடது பக்கத்தில், புதுப் படங்களை நிலைக்கவைக்கும் ஹைப்போ தட்டில் வேறு நாலு படங்கள் ஊறிக்கொண்டிருந்தன. அவற்றைப் புரட்டிய கையாலேயே இதையும் தூக்கியிருந்தான். இடது கை ஹைப்போவுக்கு, வலது கை பழுப்பேற்றும் டோனிங்குக்கு என்பார் நாமக்கல் ஸ்டுடியோக்காரர் மாணிக்கம். ஹைப்போ பட்ட விரல் வெளிறிய படத்தில் பட்டால், பட்ட இடம் கரைந்துபோகும். எதில் போட்டாலும் திரும்பி வராது.

கையைத் துணியில் துடைத்தான். வழக்கம்போல அடுத்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, முகம் கீழே இருக்கும்படி ப்ளீச்சில் கவிழ்த்தான். பிறகு, ஏனென்று தெரியாமலே, கறுப்புத் துணியின் ஓரத்தை விலக்கி மரத்தைப் பார்த்தான்.

இலையெல்லாம் பழுப்பு. காலையில் பச்சையாக இருந்த மரம்.

உச்சிக் கிளையில் ஓர் இடம். அது இடைவெளி இல்லை. இடைவெளியாக இருந்தால் அதன் வழியே வானம் தெரியும். அங்கே இலையும் இல்லை, வானமும் இல்லை. ஈரக் காகிதத்தின் வெள்ளை. ஒரு கரிச்சான் குருவி பறந்துவந்து அதற்குள் நுழைந்தது. மறுபக்கம் வரும் என்று காத்திருந்தான்.

வரவில்லை.

"ஏனுங்க, செத்த வெளிய வந்து பாருங்க." ரஞ்சிதாவின் குரலில் இப்போது கேலி இல்லை. "ஆகாசம் என்னமோ மாதிரி இருக்குதுங்க. மேகமும் இல்ல, நீலமும் இல்ல. வெறும் மஞ்சளா..."

ப்ளீச்சில் மேலே கிடப்பது எடப்புளி நாட்டில் எடுத்த மழைமேகப் படம். அதற்கடியில் இன்னொன்று.

எது?

"எனக்குக் கையெல்லாம் மரத்துப்போற மாதிரி..." குரல் மெலிந்தது. பக்கத்து அறையிலிருந்து, பக்கத்து வீட்டிலிருந்து, பக்கத்து மலையிலிருந்து வருவதுபோல மெலிந்துகொண்டே போனது. "ஏனு..."

தட்டைக் கலக்கினான். மேகப் படம் விலகியது. அடியில் கிடந்ததைப் புரட்டினான். பலா மரத்தடியில் ஒரு மஞ்சள் சாயல். சேலை விளிம்பு. கை இல்லை. கழுத்து இல்லை.

"ரஞ்சி!"

இடுக்கியைத் தேட நேரமில்லை. கிடைத்த தட்டுகளையெல்லாம் தள்ளினான். ஹைப்போ ப்ளீச்சில் கிடந்த மேகப் படத்தின்மேலும் சிதறிக் கையெல்லாம் நனைந்தது. படத்தை அள்ளி சல்பைடில் அமுக்கினான். அமுக்கிப் பிடித்துக்கொண்டான். வா. வா, கண்ணு. ஆண்டவரே.

மரம் வந்தது. சேலை மடிப்பு வந்தது. வளையல்கள் ஒவ்வொன்றாக வந்தன.

வெளியே வளையல் சத்தம் கேட்டது.

மூச்சு திரும்பியது அவனுக்கு. அப்புறம்தான் படத்தை எந்தக் கையால் பிடித்திருக்கிறான் என்று பார்த்தான். இடது கை. பெருவிரலை மெல்ல எடுத்தான்.

"ரஞ்சி?"

அவன் கூப்பிட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறவள். காலடி மட்டும் வந்தது. கதவை உள்ளங்கை தடவியது, எங்கே பிடி என்று தெரியாததுபோல, மேலும் கீழுமாக. தாழ் சரியாக விழாத கதவு. அது மெல்லத் திறந்தது.

காலையில் உடுத்திய நீலச் சேலை பழுப்பாக இருந்தது. கைகள் பழுப்பு. வளையல்கள் பழுப்பு. அவளுக்குப் பின்னால், வானம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

கழுத்துக்கு மேலே ஈரக் காகிதத்தின் வெள்ளை. அதில் சுழி சுழியாக, ஒன்றுக்குள் ஒன்றாக, அவனுடைய பெருவிரல் ரேகை.

அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடிவிட்டு, அவன் மூச்சுவிடும் சத்தத்துக்குத் திரும்பி நின்றது.