கடைசி அளவு

ஜீப் நின்றதும் கரி வாடைதான் முதலில் வந்து வரவேற்றது. சுரங்கத்தை மூடி வருஷங்கள் ஆகியும், அந்த வாடைக்கு மட்டும் யாரும் வேலைநீக்க உத்தரவு கொடுக்கவில்லை.

"செத்த மாட்டுக்கு மாசாமாசம் ஜுரம் பார்த்தோம். இன்னையோட அந்தப் புண்ணியமும் முடிஞ்சுது, தங்கச்சி" என்றார் ஜீப் டிரைவர். சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் லிஃப்ட்டை இயக்கியவர் அவர்.

அவள் சிரிக்கவில்லை. நாடாச் சுருளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

புதருக்கு நடுவே தரையில் ஒரு சாண் அகலக் குழாய். அதன் அடியில், ஊர் அளவுக்கு விரிந்த சுரங்கம் முழுக்கத் தண்ணீர். உள்ளே பிடித்த தீயை அணைக்க நிர்வாகம் திறந்துவிட்ட தண்ணீர். "கீழே ஒரு குஞ்சு குருவிகூட இல்லை" என்று அன்று அடித்துச் சொன்னவர், இதோ, குடை பிடித்து நிற்கும் இந்த அதிகாரிதான். அன்று ஷிஃப்ட்டுக்குப் போன அவள் புருஷன் வீடு திரும்பவில்லை.

ஓடிப்போய்விட்டான் என்றார்கள். "கட்டினவனைப் பிடிச்சு வெச்சுக்கத் துப்பில்லை" என்று மாமியார் இன்றைக்கும் தட்டை நகர்த்தும்போது சொல்லத் தவறுவதில்லை. ஓடினானா, உள்ளே கிடக்கிறானா? அது தெரியத்தான் நீர்மட்டம் அளக்கும் இந்த வேலைக்கே வந்தாள். இன்றோடு குழாயை சிமெண்ட் ஊற்றி அடைக்கப்போகிறார்கள். லாரி உறுமிக்கொண்டு நின்றது.

"சீக்கிரம்மா. கடைசி அளவுதானே, கண்ணை மூடிட்டு எடு" என்றார் அதிகாரி.

நாடா சரசரவென்று இருட்டுக்குள் இறங்கியது. முனையிலிருந்த உலோகக் குச்சி தண்ணீரைத் தொட்டதும் சுருள் 'பீப்' என்று கத்தியது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்தச் சத்தம் நிற்காது.

நின்றது.

குழாயிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று அவள் முகத்தில் மோதியது. வியர்வையும் ஊறிப்போன தோலும் கலந்த வாடை.

நாடா விறைத்தது.

கீழே யாரோ பிடித்திருந்தார்கள்.

பீப். பீப். பீப்.

டிரைவரின் முகத்தில் ரத்தமில்லை.

"என்னண்ணே?"

"கீழேருந்து அடிக்கிற மணி மாதிரியே இருக்கும்மா. மூணு தடவை அடிச்சா, ஆள் ஏறியாச்சு, மேலே தூக்குன்னு அர்த்தம்." அவர் குரல் உடைந்தது. "எதை வெச்சுத் தூக்குவேன்? லிஃப்ட்டைத்தான் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்களே!"

"பேட்டரி வீக்கா இருக்கும்யா. லாரியைப் பின்னால எடுக்கச் சொல்லு" என்றார் அதிகாரி.

நாடா மெல்லத் தளர்ந்தது.

"இருங்க சார். இன்னும் ஒரே ஒரு தடவை."

நாடாவை இழுத்து மறுபடி இறக்கினாள். பழைய அளவில் சத்தமில்லை. ஒரு முழம் விட்டாள். இல்லை. ஓர் ஆள் உயரம் விட்டாள். அப்புறம்தான் பீப்.

"தண்ணி இறங்கியிருக்கு" என்றாள்.

"நல்லதுதானேம்மா?"

"தொட்டியில உக்காந்திருக்கிறவன் எழுந்தா தண்ணி இறங்கும் சார்" என்று டிரைவர் முணுமுணுத்தார். "இது ஊர் அளவு தொட்டி. இவ்வளவு இறங்கணும்னா எத்தனை பேர் எழுந்திருக்கணும்?"

அதிகாரியின் குடை சாய்ந்தது.

"அத்தனை பேர் எப்படி? உள்ள இருந்தது நாலே பேருதானே!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

லாரியின் உறுமல் அடங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள். பாதாளத்தில் தேடிய பதில், இத்தனை காலமும் இந்த ஆளின் பல்லுக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கிறது.

"அதுல என் வீட்டுக்காரர் ஒருத்தரா சார்?"

அதிகாரியின் தலை குனிந்தது.

"மீதி மூணு பேர் வீட்லயும் ஓடிப்போயிட்டான்னுதான் சொன்னீங்களா?"

சுருள் சட்டென்று மௌனமானது.

அவள் இன்னொரு முழம் விட்டாள். பீப்.

மௌனம்.

இன்னொரு முழம்.

நாலு பேர் எப்போதோ எழுந்தாயிற்று. தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது.