வார்னிஷுக்கு அடியில் ஒரு விரல்

முலாம் பட்டறையின் பெரியவர், பெட்டியைத் துப்பறிவாளரின் மேசைமேல் வைக்கும்முன் அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டார். பெட்டி நிறையச் செம்பு முலாம் பூசிய கதவுக் கைப்பிடிகள். ஒவ்வொன்றிலும் வார்னிஷுக்கு அடியில் கறுப்புக் கறை.

வார்னிஷ் அடித்து வந்தவள் அவர் மருமகள். மூன்று மாதம் முன்பு முதல் பெட்டி கறுத்துத் திரும்பியதும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதன்பின் செய்த சரக்கும் கறுத்தது.

"ஆள் வெச்சுக் கெடுக்கிறா. நிரூபிச்சுக் குடுங்க, உறவையே முடிச்சுக்கிறேன். எங்க குடும்பத்துச் சரக்கு இதுக்கு முன்னாடி திரும்பி வந்ததில்லை."

துப்பறிவாளர் அந்த முதல் பெட்டியின் சீட்டில் எழுதியிருந்த தயாரிப்புத் தேதியைக் கேட்டார். கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லிப் பெரியவர் பெட்டியைத் துப்பறிவாளரின் உதவியாளர் பக்கம் தள்ளினார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

பட்டறையில் பெரியவரின் மகன் வேலைமுறையை விளக்கினான். முலாம் பூசிக் கழுவி உலர்த்தியபின், அப்பா ஒவ்வொன்றையும் சோதித்து வார்னிஷுக்குத் தருவார். வெறுங்கை பட்டால் வியர்வை உள்ளேயே தங்கி, வாரங்கள் கழித்துக் கறுக்கும். அதனால் எல்லோருக்கும் கையுறை. ஆணியில் தொங்கியவற்றில் அப்பாவுடையது மட்டும் புதிதுபோல் இருந்தது.

வருகைப் பதிவேட்டின்படி, முதல் பெட்டி செய்த மூன்று நாளும் குழந்தைக்குக் காய்ச்சல்; மருமகள் வரவில்லை. வார்னிஷ் அடித்தது மகன்.

"அப்போ மகன்தான் சார்," என்றார் உதவியாளர். அவருக்கு 'அவசரம்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

துப்பறிவாளர் பெரியவரிடம் இரண்டு கைப்பிடிகளை நீட்டினார். ஒன்றில் வாசலிலிருந்தே தெரியும் கீறல். எது பழுது என்று கேட்டார். பெரியவர் கண்ணருகே கொண்டுபோகவில்லை. அவர் கட்டைவிரல் வளைவில் மெல்ல ஊர்ந்தது, மற்றவற்றில் கறை படிந்திருந்த அதே இடத்தில்.

"கண்ணு எப்போலேர்ந்து இப்படி, ஐயா?"

"ரெண்டு வருஷமா," என்றார் பெரியவர்.

"ரெண்டு வருஷமும் சரக்கு கறுக்கலையே. உங்க விரல் பட்டதை ஒருத்தி துடைச்சுக்கிட்டே இருந்திருக்கா. அவ வராத மூணு நாள்தான் முதல் பெட்டி. போன பிறகு எல்லாப் பெட்டியும்."

மருமகளின் அலமாரியில் ஸ்பிரிட் புட்டியும் காய்ந்துபோன துணியும் கிடந்தன. பிரஷ் துடைக்க வைத்திருக்கிறாள் என்றே கணவன் நினைத்திருந்தான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் பெரியவர்.

"எல்லார் முன்னாடியும் உங்களுக்குப் பார்வை இல்லைன்னா?" என்றார் துப்பறிவாளர்.

அன்று மாலையே பெரியவர் மகனைத் தெருவில் நிறுத்திவிட்டு, சம்பந்தி வீட்டு வாசலில் தனியாக நின்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மருமகள் முழுவதையும் கேட்டாள்.

"நான் வரல மாமா. நீங்க திட்டினதுக்காக இல்ல. நான்தான் கெடுத்தேன்னு நீங்க சொன்னப்ப உங்க மகன் பக்கத்துலதான் நின்னார். புட்டி பக்கத்துல துணி இருக்கு. இனிமே அவரைத் துடைக்கச் சொல்லுங்க."

பெரியவர் தலையசைத்துத் திரும்பினார். அவர் கால் தயங்கியது. அக்கம்பக்கம் கேட்காத குரலில் அவள் சொன்னாள்:

"ரெண்டு படி, மாமா. ரெண்டாவது கொஞ்சம் உயரம்."