ஷாந்தினி ஆடினால் மட்டும்

மலேசியாவின் பெம்பான் பள்ளி மாணவன் நிவேந்திரன் செய்த கணினி விளையாட்டில் ஒரு மாமா, முள்ளுப் பழம் காய்க்கும் டுரியான் மரத்தடியில் கூடையோடு நிற்பார். வாய்ப்பாட்டைச் சரியாகச் சொன்னால் பழம் கூடையில் விழும். தப்பாகச் சொன்னால் மாமாவின் தலையில் விழும். பெம்பான் பிள்ளைகள் பாதிப் பேர் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார்கள்.

நாளை பெற்றோர் பள்ளிக்கு வரும் நாள். விளையாட்டைக் கணினி அறையில் வைக்க விஜயராணி டீச்சர் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு சிக்கல். சில வேளைகளில் ஆட்டம் முடிந்து புள்ளிகள் வரவேண்டிய நேரத்தில் எல்லாம் சட்டென்று மூடிக்கொள்ளும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

“வீட்டுக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிடு, நிவேன்” என்றார் டீச்சர். “இல்லேன்னா நாளைக்கு வைக்க வேணாம்.”

நிவேந்திரன் ஆடிப் பார்த்தான். நன்றாக ஓடியது. அவன் நண்பன் கோகுலராஜ் ஆடினான். அப்போதும் ஓடியது.

“நாம பார்க்கறப்ப மட்டும் நல்ல பிள்ளை மாதிரி நடிக்குதுலா!” என்றான் கோகுலராஜ்.

அந்நேரம் இரண்டாம் ஆண்டில் படிக்கும் ஷாந்தினி கதவோரம் வந்து நின்றாள். “அண்ணே, நான் ஒரு தடவை ஆடட்டுமா?”

“ஐயோ, வேணாம்!” கோகுலராஜ் குறுக்கே வந்தான். “நேத்து நீ ஆடித்தான் நின்னுபோச்சு. அதுக்கு முன்னாலயும் நீதான். உன் கை பட்டாலே கெட்டுப்போகுது.”

ஷாந்தினி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். கண்கள் நிறைந்துவிட்டன.

நிவேந்திரனுக்குப் பாவமாக இருந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

“உள்ள வா, ஷாந்தினி. எங்களால ஆட்டத்தை நின்னுபோக வைக்கவே முடியல. உனக்கு மட்டும்தான் முடியுது. நீதான் எனக்கு உதவி பண்ணணும்.”

“நான் ஒண்ணும் பண்ணலண்ணே.”

“தெரியும். நேத்து ஆடின மாதிரியே ஆடு. நான் உன் கையை மட்டும் பார்க்கறேன்.”

ஷாந்தினி உட்கார்ந்தாள். விளையாட்டு முதலில் பெயரைக் கேட்டது. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள்.

“ஷான்னு போட்டா போதாதா? எனக்குத் தூக்கமே வந்துரும்” என்றான் கோகுலராஜ்.

“டீச்சர் எப்பவும் முழுப் பேர் எழுதச் சொல்லியிருக்காங்க.”

பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே அடித்தாள். தன் பெயர், நடுவே மகள் என்பதற்கான ‘ஏ/பி’, பிறகு அப்பா பெயர் காளிதாஸ். ஆட்டம் ஓடியது. கடைசிப் பழம் விழுந்தது. எல்லாம் மூடிக்கொண்டது.

ஷாந்தினி அழத் தொடங்கினாள். நிவேந்திரனோ துள்ளிக் குதித்தான். “நின்னுபோச்சு! நின்னுபோச்சு!”

“போச்சு, இவனும் கெட்டுப்போயிட்டான்” என்றான் கோகுலராஜ்.

நிவேந்திரன் உட்கார்ந்து மகன் என்பதற்கான ‘ஏ/எல்’லும் சேர்த்து ‘நிவேந்திரன் ஏ/எல் வீரப்பன்’ என்று தன் முழுப் பெயரை அடித்து ஆடினான். இம்முறையும் மூடிக்கொண்டது.

“பார்த்தியா? இவ கையில ஒண்ணும் இல்ல. நடுவுல சாய்ஞ்ச கோடு இருக்குல்ல, அதுதான். ஆடினவங்க பேர்லயே புள்ளியைச் சேமிச்சு வைக்கச் சொல்லியிருந்தேன். அந்தக் கோட்டைப் பார்த்தா, அதுக்கு முன்னால இருக்கறது ஏதோ பெட்டியோட பேருன்னு கணினி நினைச்சுக்குது. இல்லாத பெட்டியைத் தேடித் தேடி நின்னுபோகுது.”

“நாம ரெண்டு பேரும் முழுப் பேர் போடவே இல்லையே!” கோகுலராஜ் தலையைச் சொறிந்தான். “சாரி, ஷாந்தினி.”

சேமிக்கும்போது சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு போடும்படி நிவேந்திரன் மாற்றினான். ஷாந்தினியே ஆடிச் சோதித்தாள். புள்ளிகள் பளிச்சென்று வந்தன.

மறுநாள் அவளுடைய அப்பா காளிதாஸ் லாரி வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கணினி முன் உட்கார்ந்து தயங்கினார்.

“அப்பா, முழுப் பேரையும் போடுங்க” என்றாள் ஷாந்தினி. “பயப்படாதீங்க. நானும் நிவேன் அண்ணனும் அதைச் சரி பண்ணிட்டோம்.”