ஆறாம் படுக்கையின் முகவரி

ராசிபுரம் சாலையில் இருக்கும் அந்த மருத்துவமனைக்கு நான் போனது ஆயுத பூஜை முடிந்த மறுநாள். வாசலில் உடைத்த பூசணிக்காய் மழையில் ஊறிக் கிடந்தது. வழக்கமாகக் கம்ப்யூட்டர் வேலைக்கு மட்டும்தான் போவேன். இந்த முறை என் அண்ணன் குமரகுருவும் உள்ளே இருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆறாம் படுக்கை. நெஞ்சுவலி.

"யோகேஷ் சார், உங்கண்ணன் படுக்கைக்கு மட்டும் ரெண்டு நாடி மாறி மாறி வருதுங்க," என்றாள் நர்ஸ் உஷாராணி.

நோயாளிகள் தூங்கட்டும் என்று படுக்கையருகே ஒலியை அடக்கி வைத்திருப்பார்கள். ஆபத்து என்றால் அவள் மேஜைத் திரைதான் கத்த வேண்டும். அதில் ஒரு கோடு தாறுமாறாகத் துடித்தது. அடுத்த கணம் அதே இடத்தில் இன்னொன்று, நிதானமாக.

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. கருவி ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க்கில் ஒரு முகவரி கொடுக்க இரண்டு சர்வர்கள். ஒன்று படுத்தால் மற்றது பார்த்துக்கொள்ளும். மேலாளர் சுப்பையன் பூஜைக்காக இரண்டையும் ஒன்றாக அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒன்றாகவே எழுப்பியிருக்கிறார். ஒன்றையொன்று கேட்காமல் இரண்டும் ஒரே முகவரியை இரண்டு கருவிகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டன.

"சாமி கும்பிட்டது சரிங்க, சர்வருக்கு எதுக்குங்க லீவு?" என்று அவரிடம் எரிந்து விழுந்தபடி ஒரு சர்வரை நிறுத்தினேன்.

இரண்டாவது துடிப்பு போகவில்லை.

அண்ணனின் முகவரியைப் பிடித்திருந்த கருவியின் பெயரைத் தேடி எடுத்தேன். 'ஆறு, பழையது' என்று வந்தது. எட்டிப் பார்த்த உஷாராணியின் குரல் இறங்கிவிட்டது.

"அது நாச்சிமுத்துங்கற லாரிக்காரருக்கு வச்சிருந்த மிஷினுங்க. இதே படுக்கைதான். அவரு தவறிப்போனதும் ஸ்டோர் ரூம்ல போட்டுட்டோமுங்க. அதுக்கு ஒயரே இல்லீங்க."

ஸ்டோர் ரூமில் விளக்கு எரியவில்லை. ஈரச் சுவரின் வாடையும் பினாயில் நெடியும் மூக்கில் ஏறின. செல்போன் வெளிச்சத்தில் அந்தக் கருவி தெரிந்தது. ஒயர் இல்லை. பேட்டரியும் இல்லை.

கை வைத்தேன்.

காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி சுட்டது.

கையை எடுக்கவில்லை. "உட்ருங்க சாமி. எங்கண்ணனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது," என்று கிசுகிசுத்தேன்.

கைக்கடியில் சூடு மெல்ல மெல்ல இறங்கியது.

ஓடி வந்தேன். மேஜைத் திரையில் ஆறாம் படுக்கைக்கு ஒரே கோடு, நிதானமாக. உஷாராணி கைகூப்பினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணனிடம் சொல்லலாம் என்று உள்ளே போய்ப் பச்சைத் துணி மறைப்பை விலக்கினேன்.

அவர் வாய் திறந்திருந்தது.

கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. தலைமாட்டில் இருந்த கருவியில், சத்தமே இல்லாமல், கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே மேஜையிலிருந்து உஷாராணி சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள்.

"சார், உங்கண்ணனுக்கு நாடி இப்ப இன்னும் நல்லா அடிக்குதுங்க!"