அரிசி டின்னில் மூன்று சவரன்

"ஐயோ... திருடு போயிடுச்சி! மூணு சவரன்! திருடன்... திருடன்!"

"கத்தாதய்யா! திருடன் அப்புறம் வரட்டும். மொதல்ல என் ஆயிரம் ரூபாய்க்கு வழி சொல்லு!"

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. தேரடிக்குப் பின்னால் உள்ள சந்து.

கத்தியவன் ராஜமாணிக்கம். கடலை எண்ணெய் மில்லில் கணக்கெழுதுபவன். வாசலை அடைத்து நின்றவன் வட்டிக்கு விடும் அப்பாதுரை.

சந்தில் அத்தனை ஜன்னல்களும் திறந்துகொண்டன. பாவம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காற்று தேவைப்பட்டது!

"பன்னண்டு மணிக்குள்ள பணம் வரல... பாத்திர பண்டமெல்லாம் தெருவுக்கு வந்துரும்!"

அடுப்படியிலிருந்து மனைவி சந்திரகலா வந்தாள். கையில் கரண்டி. கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை.

"என்னங்க போச்சு?"

"நம்ம பொண்ணு வள்ளி கல்யாணத்துக்கு வச்ச சங்கிலிடி! அரிசி டின்னுல இருந்தது... காணோம்!"

பத்தே நிமிடத்தில் ஏட்டு முருகையன் சைக்கிளை விட்டு இறங்கினார். யார் போய்ச் சொன்னது என்கிறீர்களா? சந்தில் யார் போகவில்லை என்று கேளுங்கள்!

"மொதல்ல பாத்தது யாரு?"

"நான்தாங்க ஏட்டையா."

"அரிசி டின்னுல உனக்கென்னய்யா வேலை?"

ராஜமாணிக்கம் விழித்தான். "வந்து... அரிசி இருக்கான்னு..."

"இருபது வருஷத்துல இவரு ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடிச்சதில்ல, ஏட்டையா!" என்றாள் சந்திரகலா.

ராஜமாணிக்கம் பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். கால்கள் நீண்டன. முருகையனின் பார்வை அங்கே நின்றது.

உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்!

"நாற்காலியில உக்காந்து எழுதுற ஆளுக்குக் காலு ஏன்யா இப்படி?"

"நான் சொல்றேன்," என்றாள் சந்திரகலா. "மில்லுல ஆள் குறைச்சி நாலு மாசமாவுது. இவரு டிபன் கேரியரோட கெளம்பி மலைய சுத்துவாரு. அடி அண்ணாமலையில உக்காந்து தின்னுவாரு. சாயந்திரம் வந்து, 'அப்பாடா... வேலை ஜாஸ்தி'ன்னுவாரு!"

"உ... உனக்கெப்படித் தெரியும்?"

"சட்டையில அந்த மில்லு மல்லாட்ட எண்ணெ நாத்தம் நின்னு போச்சே! மாசம் ரெண்டு சோப்பு மிச்சமாச்சே! தொவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"அப்போ மாசாமாசம் சம்பளம்னு குடுத்தது?" முருகையன் புருவம் உயர்த்தினார்.

அப்பாதுரை நெஞ்சை நிமிர்த்தினான். "என்கிட்ட கடன் வாங்கித்தான்! நூத்துக்கு அஞ்சு வட்டி!"

வட்டிக்கு வாங்கிப் பெண்டாட்டிக்குச் சம்பளம்! மில் கொடுத்த நஷ்டஈட்டில் ஒரு டிரான்சிஸ்டர். அது போனஸ் என்று தெருவெல்லாம் பீற்றல். இவன் கணக்கெழுதிய மில் ஏன் நொடித்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்!

"ஆக... கடனடைக்கச் சங்கிலிய நீயே திருடப் போன. உனக்கு முன்னால எவனோ முந்திக்கிட்டான்!"

ராஜமாணிக்கம் தலை குனிந்தான்.

முருகையன் சட்டென்று திரும்பினார்.

"அஞ்சு வட்டியா? லைசென்ஸ் எங்கய்யா, அப்பாதுரை?"

அப்பாதுரையின் முகம் வெளிறியது. "ஏ... ஏட்டையா! மொதல் என்னுதில்லீங்க! நான் வசூல் மட்டும்தான்! பணம்..."

விரல் நீண்டது.

சந்திரகலாவை நோக்கி!

"ஆமாங்க," என்றாள் அவள், கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல். "சங்கிலிய எடுத்தது நான்தான். பேங்க்குல வச்சி ஆயிரம் வாங்கினேன். வட்டி வந்தா பாலுக்கும் ரேஷனுக்கும் ஆவும்னு இந்த அப்பாதுரை அண்ணன்கிட்ட குடுத்தேன். கடன் கேட்டு வந்த மொத ஆளே இவருதான்னு அண்ணன் வந்து சொன்னாரு. மூணு வட்டிய அஞ்சாக்குங்கன்னேன். இன்னிக்கு வாசல்ல நின்னு கத்தச் சொன்னதும் நான்தான்!"

"அடிப்பாவி... ஏன்டி?"

"'வேலை போச்சு'ன்னு ரெண்டே வார்த்தை. அது உங்க வாயில வருதான்னு பாத்தேன். வந்திருந்தா கஞ்சியோ கூழோ, சேந்து குடிச்சிருக்கலாம். வட்டியும் கிடையாது!"

முருகையன் தொப்பியை மாட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்க வெளியே போனார்.

அடுத்த தையில் வள்ளிக்கும் அப்பாதுரையின் மகன் சுப்பிரமணிக்கும் கல்யாணம். மீட்ட சங்கிலி கழுத்தில் மின்னியது. அப்பாதுரை லைசென்ஸ் எடுத்தான். முருகையன் செங்கத்துக்கு மாற்றலாகிப் போனார். ராஜமாணிக்கமோ அடி அண்ணாமலைக்கே குடிபோய், பௌர்ணமிக்குப் பௌர்ணமி சோடா விற்று இன்னும் வட்டி கட்டுகிறான்... பெண்டாட்டிக்கு!

சந்திரகலாவிடம் கிளம்பிய பணம் அப்பாதுரை, ராஜமாணிக்கம் என்று ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. அதுவல்லவோ கிரிவலம்!

உள்ளங்கால் தேய்ந்தது மட்டும் ராஜமாணிக்கத்துக்கு!